டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் எங்கே?

“டீச்சர், ஊட்டிக்கு இரயில் இருக்கிறதே, நம் ஊருக்கு மட்டும் ஏன் வரவில்லை?” என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான குறைதான். நம் ஊர்ப் பெயரைச் சுமந்திருக்கும் கொடை ரோடு நிலையமோ மலைக்குக் கீழே, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது! ஆனால் நம் பழனி மலை மேற்கே போய் மூணாற்று மலைகளோடு சேருமிடத்தில் ஒரு காலத்தில் குட்டி இரயில் ஒன்று ஓடியது. அது வந்து நின்ற இடத்தின் பெயர் இன்றும் டாப் ஸ்டேஷன்தான்.

அங்கே போய் நின்றால் ஸ்டேஷனைக் காண முடியாது. மேகமும், காலடியில் செங்குத்தாக இறங்கும் பள்ளமும், அதன் அடியில் தேனி மாவட்டமும்தான் தெரியும். இப்படியொரு மலை விளிம்புக்கு இரயில் எதற்கு?

தேயிலைக்காக. அக்காலத்தில் மூணாற்றுத் தேயிலை வெளியுலகுக்குப் போன வழி போடிநாயக்கனூர் வழி. 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஓடும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் காக்கும். சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பக்கச் சக்கரம் மாட்டுவோமே, அதுபோல! இழுத்தவை மாடுகள். 1907-இல் பட்டியாலாவிலும் இதே முறையில் ஒரு பாதை அமைந்தது. அதன் எஞ்சின் டெல்லி இரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1908-இல் மூணாற்றில் இரட்டைத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் வந்தன. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 2 அடிதான். ஊட்டி இரயில்கூட மீட்டர் பாதை. இதற்குத் துணை டார்ஜிலிங் இரயிலே. பாதை குறுகினால் மலை வளைவில் எளிதாகத் திரும்பலாம், பாறையைக் குறைவாக வெட்டினால் போதும். மாட்டுப்பெட்டி, பாலாறு வழியாக அது டாப் ஸ்டேஷனை அடையும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. கேரளத்தார் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்பார்கள்; மலையாள ஆண்டு 1099 அது. வெள்ளமும் மண்சரிவும் பாதையைச் சிதைத்துவிட்டன. திரும்ப யாரும் அதைக் கட்டவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்ததே 1928-இல்தான். மேலே இருந்த இரயில் போய் நான்கு ஆண்டுகளுக்குப் பின்.

மிச்சம் என்ன? மூணாறு நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. நல்லதண்ணி எஸ்டேட் அருங்காட்சியகத்தில் எஞ்சினின் சக்கரம் ஒன்று உண்டு. பழைய பாதையின் சில பகுதிகள் இன்றைய சாலைக்குள் கிடக்கின்றன. இரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே அந்தச் சாலையில் போகும்போது, மலையை அணைத்தபடி மெல்ல மெல்ல ஏறும் இடங்களை உற்றுப் பாருங்கள்.

எனக்கு ஒரு மனக்குறை. சக்கரத்தைக் கண்காட்சியில் வைத்தோம். சுமந்த, வெட்டிய கைகளை எங்கே வைத்தோம்? அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் மிகப் பலர் நம் தமிழ்ச் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள். உங்கள் தாத்தா பாட்டி வழியில் யாரேனும் அங்கே இருந்திருந்தால், விடுமுறையில் கேட்டு நோட்டில் எழுதி வாருங்கள். பெயர், ஊர், செய்த வேலை போதும். அடுத்த ஆண்டு மலரில் போடுவோம்.

பார்க்கப் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். பேரிஜம் வழியாக நம் ஊரிலிருந்தே டாப் ஸ்டேஷனுக்குச் சாலை இருந்தது, 1990-இல் மூடிவிட்டார்கள். இப்போது வத்தலக்குண்டு, தேனி, போடி, போடிமெட்டு என்று சுற்றித்தான் மூணாறு போக வேண்டும். கேள்வி கேட்ட மாணவி மதுரைக்காரி. அவள் விடுமுறையில் வீட்டிலிருந்து புறப்பட்டால் போடி வரை இரயிலிலேயே போகலாம். 2023 ஜூனில் அங்கே அகலப்பாதை வந்துவிட்டது.