அட்லஸில் அமெரிக்க வரலாறு படிப்போம்!

வரலாறு என்றாலே "இத்தனை வருஷத்தையும் யாரு மனப்பாடம் பண்றது?" என்று அலுத்துக்கொள்கிறோம். அட்லஸைப் பரீட்சையில் வரும் வரைபடக் கேள்விக்காக மட்டும்தான் திறக்கிறோம். இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வைத்துப் படித்துப் பாருங்கள். "எங்கே? ஏன் அங்கே?" என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் வரலாற்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

தேவையானவை: அட்லஸ், டிரேசிங் பேப்பர் மூன்று, பென்சில், அளவுகோல்.

முதல் தாள் – மண்: வட அமெரிக்கப் பக்கத்தில் தென்கிழக்குப் பகுதியை வரையுங்கள். மிசிசிபி ஆற்றையும் மெக்சிகோ வளைகுடாவையும் குறியுங்கள். 32° வடக்கு, 86° மேற்கு அருகே அலபாமா மாநிலத்தின் தலைநகர் மான்ட்கோமரி இருக்கும். சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புப் பாறையாக மாறின. அதன் மேல் உண்டானது வளமான கறுப்பு மண். அலபாமாவின் நடுவே பட்டை போலப் போவதால் இதற்கு 'பிளாக் பெல்ட்' என்று பெயர். அந்தப் பட்டையை நிழலிடுங்கள். பருத்தி நன்றாக விளையும் மண் இது.

இரண்டாம் தாள் – மக்கள்: 1860 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, 1861-ல் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறை ஒரு வரைபடம் வெளியிட்டது. தெற்கு மாநிலங்களில் ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 100-க்கு எத்தனை பேர் அடிமைகள் என்று அதில் எண் போட்டிருந்தார்கள். அடிமைகள் அதிகமென்றால் கருமையும் அதிகம். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் இந்த வரைபடத்தை அடிக்கடி பார்ப்பாராம். 1864-ல் கார்பென்டர் என்பவர் தீட்டிய லிங்கன் ஓவியத்தின் ஓரத்திலும் இது இருக்கிறது.

மிசிசிபி ஆற்றங்கரையும் பிளாக் பெல்ட்டும் அதில் கருமையாக இருக்கும். ஆற்றங்கரையில் உள்ள இசக்வீனா கவுண்டியில் 100-க்கு 92 பேர் அடிமைகள்! தெற்கு முழுவதும் சேர்த்தால் ஏறத்தாழ 39 லட்சத்து 50 ஆயிரம் பேர். இந்தத் தாளை முதல் தாள் மேல் வையுங்கள். கறுப்பு மண் பட்டை மேலேயே கருநிழலும் வந்து உட்காரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் பார்த்துவிட்டு "மண்ணுதான் காரணம்" என்று எழுதிவிடக் கூடாது. மண் பருத்தியைத்தான் விளைவித்தது. சம்பளம் கொடுக்காமல் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி வேலை வாங்கியது பேராசையும் அதற்குத் துணைபோன சட்டமும்தான். 'எங்கே' என்று வரைபடம் காட்டும். 'ஏன்' என்பதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

மூன்றாம் தாள் – பாதை: 1865-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1870-ல் இன வேறுபாடின்றி ஓட்டுரிமை என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். ஆனாலும் எழுத்தறிவுத் தேர்வு, வரி, மிரட்டல் என்று பல வழிகளில் தடுத்தார்கள். 1965 மார்ச் தொடக்கத்தில் லவுண்டஸ் கவுண்டியில் 100-க்கு 80 பேர் கறுப்பின மக்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை!

மான்ட்கோமரிக்கு மேற்கே செல்மா என்று ஒரு புள்ளி வையுங்கள். மார்ச் 7 அன்று ஓட்டுரிமை கேட்டு அங்கிருந்து கிளம்பியவர்களைப் பாலத்திலேயே போலீசார் அடித்து விரட்டினார்கள். மார்ச் 21 அன்று மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மறுபடியும் கிளம்பினார்கள். லவுண்டஸ் வழியாக நடந்து 25-ஆம் தேதி மான்ட்கோமரி சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அந்தப் பாதையைக் கோடாக வரைந்து மற்ற இரண்டு தாள்கள் மேலும் வையுங்கள். அதே பட்டைக்குள்தான் விழும். கொள்ளுத்தாத்தா அடிமையாக உழைத்த மண்ணிலேயே பேரப்பிள்ளைகள் உரிமை கேட்டு நடந்தார்கள்.

கடைசியாக ஒரு அளவைக் கணக்கு. செல்மா – மான்ட்கோமரி தூரம் 87 கி.மீ. உங்கள் அட்லஸில் 1 செ.மீ. = 200 கி.மீ. என்றால் அது எவ்வளவு? போட்டுப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் கூட வராது. நடந்தவர்களுக்கோ ஐந்து நாள்!

இனிமேல் அட்லஸில் ஒரு சின்னக் கோட்டைப் பார்த்தால், அதில் நடந்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி