பருத்தித்துறைக்கு மேலால் ஏன் ரொக்கெட் பறப்பதில்லை?

பிள்ளைகளின் தேசப்படப் புத்தகத்தை எடுத்து விரியுங்கள். இந்தியா தன் பெரிய ரொக்கெட்டுகளை ஏவும் ஸ்ரீஹரிக்கோட்டா, சென்னைக்கு வடக்கே ஆந்திரக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கீறுங்கள். சென்னையை உரசிக் கடலில் இறங்கும் அக்கோடு எங்கே கரையேறுகிறது? நமது பருத்தித்துறையில்! இரண்டு இடங்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. இடைத்தூரம் சுமார் 430 கிலோமீற்றர்.

"அப்படியென்றால் ரொக்கெட் எங்கள் தலைக்கு மேலாலா போகிறது?" என்று பிள்ளை கேட்கும். இல்லை என்பதே பதில். ஆனால் அந்த "இல்லை"க்குப் பின்னால் பெரியதொரு கணக்கு இருக்கிறது.

முதலில், செய்மதி ஏன் கீழே விழுவதில்லை? உயரே போனதும் பூமியின் இழுவை அற்றுப்போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 500 கிலோமீற்றர் உயரத்திலும் அந்த இழுவையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இருக்கிறது. செய்மதி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதால், அது விழும் அளவுக்குப் பூமியும் கீழே வளைந்து போய்விடுகிறது. ஆகவே ரொக்கெட்டின் வேலை உயரத் தூக்குவது மட்டுமல்ல; அந்த வேகத்தைக் கொடுப்பதே பெரிய வேலை.

கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி கொஞ்சம் கை கொடுக்கும். ஆனால் கடலையும் பயிரையும் படம்பிடிக்கும் செய்மதிகள் வடக்குத் தெற்காக, துருவங்களைச் சுற்ற வேண்டும். கீழே பூமி உருள, அவை நாளடைவில் உலகம் முழுவதையும் பார்த்துவிடும். 2022 நவம்பர் 26 இல் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் கொண்டுசென்ற கடல் ஆய்வுச் செய்மதி இத்தகையது. கடல் நீரின் நிறத்தையும் கடற்காற்றையும் அளப்பது அதன் பணி. மீன் கூடும் இடத்தை அறிய இவ்வளவைகள் உதவும் என்பதைக் கடற்றொழிலாளருக்குச் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய செய்மதிக்கு ரொக்கெட் தெற்கே போகவேண்டும். தெற்கேயோ நமது தீவு கிடக்கிறது. எரிந்து முடிந்த அடுக்குகள் வழியில் கழன்று விழும். ரொக்கெட்டே பிழைத்துப்போவதும் உண்டு. 1993 செப்ரெம்பர் 20 இல் முதலாவது பி.எஸ்.எல்.வி. கடலில்தான் முடிந்தது. அதனால் அது முதலில் தென்கிழக்கே புறப்பட்டு, இலங்கையைக் கிழக்கே விலகி, பின்னரே தெற்கே திரும்புகிறது. அந்த வேகத்தில் ஓடும் பொருளைத் திருப்புவது மாட்டுவண்டியைத் திருப்புவது போன்றதல்ல. எரிபொருள் வீணாகும், அதற்கேற்பச் செய்மதியின் எடையைக் குறைக்க வேண்டும். நம் மக்களின் தலைக்கு மேல் ஆபத்து வராதிருக்க அயல்நாடு செலுத்தும் விலை இது. நம்மவர் பலருக்கு இது தெரியாது.

பெரிய ரொக்கெட் இந்த நட்டத்தைத் தாங்கும். 34 மீற்றர் உயரமான சிறிய எஸ்.எஸ்.எல்.வி.க்கு அது பெருஞ்சுமை. ஆகவேதான் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே அந்தாட்டிக்கா வரை வெறுங்கடல். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது, வளைய வேண்டியதில்லை.

அந்த ஊருக்கு அயலில்தான் புனித சவேரியார் போதித்த மணப்பாடு இருக்கிறது. விண்வெளி வேலைக்குக் கடலோரக் கத்தோலிக்கர் இடங்கொடுப்பது புதிதல்ல. 1963 நவம்பர் 21 இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ரொக்கெட் கிளம்பியது கேரளத்துத் தும்பாவில். அங்குள்ள புனித மகதலா மரியாள் ஆலயத்தையே, ஆயர் பீற்றர் பேர்ணாட் பெரேரா இணங்கியதால், விஞ்ஞானிகள் வேலைத்தலமாக்கினார்கள். மீனவக் குடும்பங்கள் வீடுவாசல் விட்டு இடம் மாறின.

ஏவும் நாளில் ஆபத்தான கடற்பரப்புக்குள் வள்ளங்கள் போகக்கூடாதென்று முன்னரே அறிவிப்பார்கள். அன்றாடம் உழைத்து உண்பவருக்கு அது ஒரு நாள் சோறு. அந்த நாட்கூலியை யார் தருவார் என்று அக்கரையிலுள்ள கடற்றொழிலாளர் கேட்டால், அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது.