பிடித்த பாட்டு எதுவென்று ஏன் கேட்கிறோம்?

உள்நோயாளியாகச் சேர்வோரிடம் ஒவ்வாமை, உண்டுவரும் மருந்துகள், உணவு வழக்கம் ஆகியவற்றை வினவும் நாங்கள், இப்போது மற்றொன்றையும் வினவுகிறோம்: "உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது?" சிலர் சிரித்துவிடுகின்றனர்.

ஆம்பூர்த் தோல் ஆலையொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் இரவுகளில் மனக்குழப்பமுற்றார். முதியோர்க்கு அறுவைக்குப் பின் நேரக்கூடிய இந்நிலையை மருத்துவர்கள் டெலிரியம் என்பர். டிரிப்ஸ் குழாயைப் பிடுங்க முயன்றார். பெற்ற மகனையே யாரென்று கேட்டார். உறக்கம் தரும் என்று எங்கோ படித்த நம்பிக்கையில் மகன் நீலாம்பரி இராகத்தைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டார். பெரியவர், "நிறுத்து" என்று சினந்தார்.

நீலாம்பரியின் மீது குற்றமில்லை. தியாகராசரின் ‘உய்யால லூகவையா’ என்னும் ஊஞ்சற்பாட்டும், நாகப்பட்டினத்து அம்மன்மீது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய ‘அம்ப நீலாயதாக்ஷி’யும் அவ்விராகத்தில் அமைந்தவையே. ஆயினும், கேட்டுப் பழகிய செவிக்குத்தான் அது தாலாட்டு.

மறுநாள் அவர் மனைவி சொன்னார்: "அவருக்கு நாயனம்னா உயிருங்க. எங்க கல்யாணத்துல ‘சிங்கார வேலனே தேவா’ வாசிச்சாங்க." 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் ஆபேரி இராகத்தில் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் பாடல் அது. அன்று மாலை அதனை மெல்ல ஒலிக்கச் செய்தோம். போர்வையின்மீது விரல்கள் தாளமிட்டன. சற்று நேரத்தில் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். குழப்பம் முற்றும் தெளிய மேலும் நான்கு நாட்களாயின. வலி மருந்து, நீர்ச்சத்து, மூக்குக் கண்ணாடி, பகல் வெளிச்சம் எல்லாம் சேர்ந்தே அதைத் தெளிவித்தன. பாட்டு மருந்தன்று. ஆனால் அன்றிரவு அவர் குழாயைத் தொடவில்லை.

அறுவைக்கு முன் இசை கேட்பது பதற்றத்தைக் குறைக்கக்கூடும் என்று, 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடும் 2013-இல் தெரிவித்தது.

எங்களுக்கும் பாட்டுகள் உண்டு. இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் பேருந்தில் எங்களுள் ஒருவர் கேட்பது, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘குறை ஒன்றும் இல்லை’. அதனை எழுதிய இராஜாஜி, 1921 டிசம்பரில் தொடங்கி மூன்று மாதங்கள் இவ்வூர்ச் சிறையில் ஆஸ்துமாவோடு இருந்தவர். அதை அறிந்த நாள்முதல் அப்பாட்டு அவருக்கு வேறுவிதமாகக் கேட்கிறதாம்.

உடனிருப்போர் பாட்டு வைக்குமுன் செவிலியரிடம் ஒரு சொல் கேளுங்கள். ஆலை இரைச்சலில் உழைத்தோர் பலருக்குச் செவித்திறன் குறைந்திருக்கும். அதற்காக ஒலியைக் கூட்டாமல், கைப்பேசியை அருகே வையுங்கள். ஒருவர் இயர்போனை மற்றவர் அணிய வேண்டா. கால்மணி நேரம் போதும். நோயாளி முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கண்ணீர் வந்தால் மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாமல், தொடரலாமா என்று கேளுங்கள். அவர் பேச இயலாத நிலையிலிருந்தால், எந்தப் பாட்டு என்பதைப் பிள்ளைகளிடம் கேட்பதினும் வாழ்க்கைத் துணையிடமோ, உடன்பிறந்தோரிடமோ கேட்பது நன்று. இளமையில் அவர் எதைக் கேட்டார் என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.