சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு கோட்டை உலா

ஃபோர்ட் கொச்சிக்கு வந்து கோட்டையைத் தேடி ஏமாறுகிறவர்கள் உண்டு. போர்த்துகீசியர் 1503இல் எழுப்பிய இம்மானுவேல் கோட்டையை 1663இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். மிச்சத்தைப் பார்க்கச் சில குறிப்புகள்:

● கொச்சியின் சுள்ளிக்கல் பகுதியிலிருந்து கிளம்பினால் முதலில் மட்டாஞ்சேரி அரண்மனை. போர்த்துகீசியர் கட்டியது, டச்சுக்காரர் புதுப்பித்ததால் 'டச்சு அரண்மனை' ஆனது. ராமாயணச் சுவரோவியங்களுக்கே தனியாக நேரம் ஒதுக்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

● அடுத்தது பாஸ்டியன் பங்களா. 1667இல் பழைய கொத்தளத்தின் மேல் எழுந்த டச்சுக் கட்டடம்.

● கடற்கரையில் சிதைந்த மதில் துண்டுகள் தெரியும். வெயில் ஏறுமுன் போனால் நடப்பது சுலபம்.

● முழு வடிவில் ஒரு போர்த்துகீசியக் கோட்டை வேண்டுமா? வைப்பின் தீவின் வடமுனையில் இருக்கிறது அறுகோணப் பள்ளிப்புரம் கோட்டை. அதற்குத் தனியே அரை நாள் வைத்துக்கொள்ளவும்.