புளிப் பாக்கெட்டும் மணிச் சத்தமும்

மாரண்டஹள்ளியில் நம் கடைப் புளியைப் பாக்கெட் போடும் இடத்தில், போன பங்குனியில் மெட்டல் டிடெக்டர் வைத்தேன். முதல் வாரம் ஓயாமல் மணியடித்தது. பையன்கள் சலித்துப்போய் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவிட்டார்கள். சத்தம் நின்றதும் நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். பத்தாம் நாள், முறிந்த கோணி ஊசி முனையோடு ஒரு பாக்கெட் திரும்பி வந்தது!

மணியடித்ததற்குக் காரணம் சரக்குதான். ஈரமும் உப்பும் மின்சாரத்தைக் கடத்துவதால், உப்புப் போட்ட புதுப்புளியே உலோகம் போலக் காட்டும். ஆகவே சுத்தமான பாக்கெட்டுகளைச் சில முறை ஓட்டி, அந்தச் சரக்கைக் கருவிக்குப் பழக்க வேண்டும். பழம்புளிக்குத் தனியாகப் பழக்க வேண்டும்.

பிறகு சோதனைக் குண்டுகள். இரும்பு எளிதில் அகப்படும், எவர்சில்வர்தான் கஷ்டம். குண்டு வைத்த பாக்கெட்டைத் துவாரத்தின் நடுவாக விடுங்கள். அங்கேதான் கருவிக்குக் கூர்மை குறைவு.

மணியடித்த பாக்கெட்டை மறுபடி விட்டு, சத்தமில்லை என்றால் பெட்டியில் போடுவது நம்மவர் வழக்கம். கூடாது. ஒரே ஊசி ஒருவாக்கில் கிடந்தால் மணியடிக்கும், மறுவாக்கில் தப்பிவிடும். பிரித்தே பாருங்கள்.

குண்டு ஒருமுறை தப்பினால், அதற்கு முந்தைய சோதனை முதல் ஓடிய சரக்கு முழுவதையும் திரும்ப ஓட்ட வேண்டும். அதனால் நான் மணிக்கு ஒருமுறை குண்டு விடுகிறேன்.