பிறந்தநாள் பரிசு பிடிக்கலையா? முதல்ல பில்லை எடுத்துப் பத்திரமா வை!

ஆசையாகப் பிரித்த பெட்டிக்குள் நான்-ஸ்டிக் தவா. இல்லாவிட்டால், நீ ஜென்மத்துக்கும் கட்டாத பஞ்சுமிட்டாய் கலரில் ஒரு புடவை. அதுவும் இல்லாவிட்டால், இருக்கிற இரண்டு ரூம் வீட்டில் எங்கே வைப்பது என்றே தெரியாத ஆளுயர டெடி பொம்மை. வாங்கி வந்தவர் எதிரில் நின்று உன் முகத்தையே பார்க்கிறார். உனக்கோ தொண்டையை அடைக்கிறது. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லையே என்று.

அந்த வருத்தம் நியாயமானது. பரிசுக்காகக் கண் கலங்குவது சின்னத்தனம் என்று யார் சொன்னாலும் நம்பாதே. வருஷத்தில் ஒரு நாள், உன்னை மட்டும் மனசில் வைத்து ஒருவர் ஏதாவது செய்யட்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? ஆனால் அந்த வருத்தத்தில் நம் பெண்கள் செய்கிற காரியங்கள் இருக்கிறதே, அதில் பாதி அடுத்த வருஷப் பரிசையும் சேர்த்துக் கெடுத்துவிடும். உனக்கு நேரமில்லை, தெரியும். வேலைக்கு ஆகிறதை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கோ.

1. முதல் ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லாதே

முகம் சுருங்கினால் சுருங்கட்டும். அதை அவர் பார்த்தாலும் பரவாயில்லை. வாயை மட்டும் கட்டு. "என்ன விலை?", "எந்தக் கடையில இதை உங்க தலையில கட்டினாங்க?", "உங்க அம்மா செலக்‌ஷனா?" இந்த மூன்றும் கூடவே கூடாது. நீ பொருளைப் பற்றித்தான் கேட்கிறாய், ஆனால் அவரையே குறை சொல்வதாகத்தான் அவர் காதில் விழும்.

அதற்காகப் பொய்யும் சொல்லாதே. "சூப்பர்ங்க, இதைத்தான் வாங்கணும்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று சொன்னால் அடுத்த வருஷம் அதே கலரில் இன்னொன்று வரும். அப்போது அவரைக் கோபித்துக்கொள்ள உனக்கு வாயே இருக்காது. நிஜமாக இருக்கிற ஒன்றைச் சொல்: "ஞாபகம் வெச்சு, ஆபீஸ் முடிஞ்சு கடைக்குப் போய் வாங்கிட்டு வந்திருக்கீங்களே, அது சந்தோஷமா இருக்கு." அதோடு நிறுத்திவிட்டுக் கேக்கை வெட்டு.

2. ஸ்டேட்டஸ் போடாதே, அம்மாவுக்கும் போன் போடாதே

நீங்கள் இருவரும் ராத்திரி சாப்பாட்டுக்குள் சமாதானமாகிவிடுவீர்கள். உன் அம்மா பத்து வருஷத்துக்கு மறக்க மாட்டாள். நாத்தனாருக்கு அவள் வீட்டுக்காரர் வளையல் வாங்கித் தந்த கதையையும் இந்த நேரத்தில் எடுக்காதே.

3. டேக்கைக் கிழிக்காதே, ப்ளவுஸ் பிட்டை வெட்டாதே

கோபத்தில் எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு மாசம் கழித்து மாற்றப் போனால் கடைக்காரர் கையை விரிப்பார். அன்று ராத்திரியே செய்ய வேண்டியது:

• ஆன்லைனில் வாங்கியிருந்தால், ஆர்டர் விவரத்தில் திருப்பி அனுப்பக் கடைசித் தேதி போட்டிருக்கும். பல பொருளுக்கு ஏழு நாள், பத்து நாள்தான். ஆர்டர் அவர் போனில் இருக்கும் என்பதை மறக்காதே. அட்டைப் பெட்டி, கவர், டேக் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

• பெர்ஃப்யூம், க்ரீம், உள்ளாடை என்றால் சீலைப் பிரித்த பிறகு பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். 'அடிச்சுப் பார்க்கலாமே' என்று ஒரு தடவை அடித்தாலும் போச்சு.

• புடவை என்றால் முழுசாகப் பிரித்து உதறாதே, மடிப்பு கலையக் கூடாது. ஃபால்ஸ் தைக்கவோ ஓரம் அடிக்கவோ கொடுத்தாலும், ப்ளவுஸ் பிட்டை வெட்டினாலும் அந்தப் புடவை உன்னுடையதுதான், மாற்றவே முடியாது. தோள்மேல் ஓரத்தைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பார். கடை லைட்டில் ஒரு கலர், வீட்டில் ஒரு கலர். ராத்திரி பிடிக்காதது காலையில் பிடித்துப் போவதும் உண்டு.

• ஜவுளிக்கடையில் காசு திரும்பத் தர மாட்டார்கள், வேறு துணிதான். ஆடித் தள்ளுபடியில் வாங்கியது என்றால் அதுவும் சந்தேகம். கிளம்புமுன் பில்லின் பின்பக்கத்தைப் படித்துவிடு.

• நகை என்றால் ரொம்ப நிதானம் வேண்டும். டிசைன் பிடிக்கவில்லை என்று மாதங்கள் கழித்து மாற்றினால் செய்கூலி, சேதாரம், 3% ஜிஎஸ்டி எல்லாம் கையை விட்டுப் போகும். கல் வைத்ததானால் கல் எடையையும் கழிப்பார்கள். போடுவதற்கு முன்னாலேயே, வாங்கின கடையிலேயே, எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று கேள். கையோடு 916 முத்திரையும் பக்கத்தில் இருக்கும் ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண்ணும் இருக்கிறதா பார். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வந்துவிடும்.

ஒரு வித்தியாசம் தெரிந்துகொள். 'பிடிக்கவில்லை' என்பது வேறு, 'பொருளில் குறை' என்பது வேறு. கலர் பிடிக்காததற்கு மாற்றித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை. நெசவு விட்டிருந்தாலோ, மிக்ஸி ஓடாவிட்டாலோ அது உன் உரிமை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் உனக்கு உண்டு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தாலும் பயப்படாதே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடு.

4. பேச வேண்டியதைப் பேசு, ஆனால் மறுநாள்

பேசுவதற்கு முன் ஒன்று யோசி. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாளுக்குக் குக்கர் வந்தது. அழுது தீர்த்துவிட்டாள். அவள் வீட்டுப் பழைய குக்கரில் ரப்பர் மாற்றினாலும் மூடி ஓரமாக ஆவி போகும். பருப்புத் தண்ணி பொங்கி வழிந்து பர்னர் அடைத்துக்கொள்ளும். விசில் வருவதற்குள் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். தினமும் காலையில் "இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டாத்தான் நிம்மதி" என்று அவள் கத்துவதை, பக்கத்தில் நின்று ஷேவ் பண்ணிக்கொண்டே அவர் கேட்டிருக்கிறார். மாசக் கணக்காகக் கேட்டிருக்கிறார். அதே லிட்டர் அளவில், நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். அவள் ஆசைப்பட்டது வெள்ளிக் கொலுசு. அதை அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நகைக்கடைப் பக்கம் போகும்போது நடையைக் குறைப்பாள், அவ்வளவுதான். வண்டியை எங்கே நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?

அவள் அழுததும் சரி, அவர் கவனித்து வாங்கியதும் நிஜம். வீட்டுக் குறையை உரக்கச் சொல்கிறோம், சொந்த ஆசையை முழுங்கிவிடுகிறோம். காதில் விழுந்ததைத்தான் அவர்களால் வாங்கி வர முடியும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜெஃப் கலாக் என்பவரும் சகாக்களும் 2016-ல் பரிசுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். கொடுக்கிறவர் பெட்டியைப் பிரிக்கும் அந்த நிமிஷத்தை நினைத்து வாங்குகிறார். வாங்கிக்கொள்கிறவர் அதை வைத்துக்கொண்டு வாழப்போகிற நாட்களை நினைக்கிறார் என்பது அதில் சொல்லியிருப்பது. ஆளுயர டெடி ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா? நீ 'ஆ'வென்று வாயைப் பிளக்கிற நிமிஷத்துக்காக வாங்கியது அது. தூசி தட்டப்போவது நீ என்ற யோசனை அவருக்கு வரவே இல்லை.

சரி, எப்படிச் சொல்வது? வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிக்காதே. சாப்பிட்டு முடிக்கட்டும்.

"ஏங்க, புடவை துணி நல்லா இருக்கு. கலர்தான் எனக்கு எடுப்பா இல்லை. பில் வெச்சிருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய் மாத்திட்டு வரலாமா?"

இவ்வளவுதான். 'எப்பவுமே நீங்க இப்படித்தான்' என்று தொடங்கினால் பேச்சு புடவையை விட்டுக் கல்யாணத்தன்று நடந்த சண்டைக்குப் போய்விடும். அவருக்குத் தெரியாமல் நீயே போய் மாற்றிவிட்டு வராதே. கூட்டிக்கொண்டு போ. நீ எந்தப் புடவையைத் தள்ளுகிறாய், எதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வரவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே அவருக்குப் பாதி புரிந்துவிடும்.

மாசக் கடைசி, வீட்டு லோன், பிள்ளை ஃபீஸ் என்று கை கடிக்கிற சமயம் என்றால் இந்தப் பேச்சையே எடுக்காதே. அந்தத் தவா என்ன பாடுபட்டு வந்தது என்று உனக்கே தெரியும்.

5. 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று இனி சொல்லாதே

இதற்குத்தான் உன்னைத் திட்டப் போகிறேன். போன வருஷம் அவர் நிஜமாகவே நல்ல சுடிதார் வாங்கி வந்தபோது நீ என்ன சொன்னாய்? "எதுக்குங்க இந்தத் தண்டச் செலவு, இருக்கறதே போதாதா?" மனசுக்குள் சந்தோஷம், வாயில் சலிப்பு. நம் அம்மாக்கள் அப்படித்தான் பேசினார்கள், நமக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்குப் புரிந்தது என்ன? இவளுக்குத் துணிமணி வேண்டாம், உபயோகமாக எதாவது வாங்கினால்தான் திட்டாமல் இருப்பாள். தவா வீட்டுக்கு வந்த வழி அதுதான்.

பிடித்ததை வாங்கி வந்தால் பிடித்திருக்கிறது என்று வாய் விட்டுச் சொல். அன்றைக்கே போட்டுக் காட்டு. கேட்டு வாங்கினால் அன்பில்லை, சொல்லாமலே புரிய வேண்டும் என்று காத்திருப்பதை விடு. கேட்டு வாங்கிய கொலுசும் காலில் அதே மாதிரிதான் சத்தம் போடும்.

6. ஒரே ஒரு மெசேஜ், பிறந்தநாளுக்கு ஒரு மாசம் முன்னால்

நேரமில்லாதவளுக்கு இதுதான் குறுக்குவழி. வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் போனில் நீயே பின் பண்ணி வை:

• வளையல் 2.4-ஆ 2.6-ஆ, செருப்பு அளவு, சுடிதார் அளவு. மோதிர அளவைக் கடையில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்.
• ஆகாதவை: கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும், அந்த மாதிரி.
• ஆசைப்படும் பொருள் மூன்று, மூன்று விலையில். ஐந்நூறுக்குள் ஒன்று, இரண்டாயிரத்துக்குள் ஒன்று, 'போனஸ் வந்தால்' ஒன்று. எதை வாங்குவது என்பது அவர் முடிவு, அதனால் சர்ப்ரைஸும் கெடாது.
• பொருளே வேண்டாம் என்றால் அதையும் எழுது: "ஞாயித்துக்கிழமை முழுக்க நான் அடுப்படிப் பக்கம் வர மாட்டேன்."

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் எல்லாம் வீட்டுச் செலவு, பிறந்தநாள் கணக்கில் வராது. இதையும் முன்னாடியே சொல்லிவிடு. பெட்டியைப் பிரித்த பிறகு சொன்னால் அது சண்டை.

7. மறந்தே போய்விட்டாரா?

ராத்திரி பன்னிரண்டு வரை பரீட்சை வைத்துக்கொண்டு உட்காராதே. காலையிலேயே "இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள்" என்று சொல்லிவிடு. சர்டிபிகேட்டில் ஒரு தேதி, நட்சத்திரத்துக்கு ஒரு நாள் என்று இரண்டு வைத்திருக்கிறவர்கள் எதைக் கொண்டாட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அவர் போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.

8. இவற்றுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது

உடம்பைக் குத்திக்காட்டி, நாலு பேர் முன்னால் எடை மெஷின் தருவது. உன் நகையை உனக்குத் தெரியாமல் அடகு வைத்து உனக்கே பரிசு வாங்குவது. இதெல்லாம் ரசனைப் பிரச்சினை கிடையாது. சிரித்து மழுப்பாதே, அன்றைக்கே நேராகக் கேள். கை நீட்டிவிட்டு மறுநாள் பொட்டலத்தோடு வருகிறவர் என்றால், பரிசைப் பார்க்கவே பார்க்காதே, அடித்ததைப் பார். நம்பிக்கையான ஒருவரிடம் சொல். பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

9. அவருக்கு நீ என்ன வாங்குகிறாய்?

வருஷா வருஷம் அதே முழுக்கைக் கட்டம் போட்ட சட்டைதானே? அவர் பீரோவைத் திறந்து, பின் கூடப் பிடுங்காமல் எத்தனை சட்டை அடுக்கியிருக்கிறது என்று பார். அவருக்கும் உன்னிடம் சொல்லத் தயக்கம் இருக்கும். இந்த வாரமே காலர் அளவு, இடுப்பு அளவைக் குறித்துக்கொண்டு, வேண்டியது என்ன என்று கேள். "எனக்கென்னம்மா, ஒண்ணும் வேணாம்" என்பார். விடாதே. இரண்டு பொருளாவது பெயர் சொல்ல வைத்துவிட்டு எழுந்திரு.