மடங்கிய கால்களும் பாஸ்கல் விதியும்

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் தொடங்கிய வாரம். ஒரு மாணவன் தன் வீட்டுக் கைபேசியில் பார்த்த காணொளியைப் பற்றிச் சொன்னான். அமெரிக்காவில் வேலை செய்யும் அவனுடைய சித்தப்பா, சிலி நாட்டு ரோஸ் டாரண்டுலா ஒன்றை வளர்ப்பதற்காக வாங்கியிருந்தார். கூரியரில் வந்த பெட்டியைத் திறந்தால், உள்ளங்கை அளவுச் சிலந்தி எட்டுக் கால்களையும் வயிற்றுக்கடியில் மடக்கிக் கிடந்தது. “செத்துப்போச்சா சார்?” என்று கேட்டான். யோசிக்காமல் “ஆமாம்” என்றேன். இரண்டு நாள் கழித்து, “சார், அது நடக்குது!” என்று வந்து நின்றான். வகுப்பே என்னைப் பார்த்தது. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, ஏன் தவறினேன் என்பதையே அடுத்த பாடவேளையில் பாடமாக்கினேன்.

நம் முழங்காலை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை. சிலந்திக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு முக்கிய மூட்டுகளில் மடக்கும் தசை மட்டுமே உண்டு. நீட்டும் தசை கிடையாது. தலைமார்பிலுள்ள தசைகள் சுருங்கும்போது ஹீமோலிம்ப் என்னும் உடல் திரவம் அழுத்தத்துடன் கால்களுக்குள் பாய்கிறது, கால் நீள்கிறது. பாரி, பிரவுன் என்ற இருவர் 1959-இல் ஒரு வீட்டுச் சிலந்தியின் காலில் இந்த அழுத்தத்தை அளந்தார்கள். ஓய்வில் சுமார் 5 செ.மீ. பாதரசம், கணநேர உச்சத்தில் 40 செ.மீ. வரை. நம் இரத்த அழுத்தம் 12 செ.மீ. பாதரசம் என்று சொன்னதும் பிள்ளைகளின் கண்கள் விரிந்தன.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். பயணத்தில் சிலந்திக்குக் குடிக்க நீர் இல்லை. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நீர் போய்க்கொண்டே இருக்கும். வெப்பமும் குலுக்கலும் சேர்ந்தால் இழப்பு கூடும். திரவம் குறைந்தால் அழுத்தம் குறையும், மடக்கும் தசைக்கு எதிர்ப்பு இல்லாமல் போகும், கால்கள் உள்ளே சுருண்டுவிடும். இறந்த சிலந்தியின் கால்கள் மடங்குவதும் இதே காரணத்தால்தான். அதனால் பார்த்த மாத்திரத்தில் முடிவு சொல்லக் கூடாது. மெல்லிய தூரிகையால் காலைத் தொட்டால் சிறு அசைவு இருக்கிறதா, வயிறு சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சித்தப்பா செய்த முதலுதவி எளிமையானது. ஆழமில்லாத தட்டில் சிறிது நீர் ஊற்றி, சிலந்தியின் வாய்ப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி வைத்தார். வயிற்றுப் பகுதி வெளியே இருக்க வேண்டும்; டாரண்டுலாவின் இரண்டு இணை புத்தக நுரையீரல்கள் வயிற்றின் அடிப்புறத்தில் உள்ளன, அங்கே நீர் புகுந்தால் மூச்சு முட்டும். ஈரத்துணி போட்டு மூடிய டப்பாவில் அடைக்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஈரக்காற்று நீரிழப்பைக் குறைக்குமே தவிர, இழந்த நீரைத் தராது. சிலந்தி வாயால்தான் குடிக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத புழுக்கமோ புதிய தொல்லை. பிறகு இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும். எழுந்து நின்று வயிறு தேறும்வரை இரை போடக் கூடாது. உயிருள்ள வெட்டுக்கிளியே சோர்ந்த சிலந்தியைக் கடித்துவிடும்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். டாரண்டுலா மல்லாந்து கிடந்தால் பெரும்பாலும் தோலுரிக்கப் போகிறது என்று பொருள். அதைப் புரட்டக் கூடாது, தொடக் கூடாது. செத்ததென்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களும் உண்டு.

செயல்பாட்டுக்குத் திருவிழாக் கடையில் விற்கும், ஊதினால் நீளும் காகிதச் சுருள் பீப்பியே போதும். சுருளுக்குள் இருக்கும் வில்தான் மடக்கும் தசை. நாம் ஊதும் காற்று ஹீமோலிம்ப். ஊதுவதை நிறுத்தினால் தானே சுருளும். காகிதத்தில் குண்டூசியால் பல துளைகள் இட்டு ஊதச் சொல்லுங்கள்; அழுத்தம் கசிந்தால் என்ன ஆகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். அடுத்து, ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்து நீர் நிரப்பி பாஸ்கல் விதிக்குப் போகலாம். பீப்பியில் காற்று, சிலந்தியில் திரவம் என்ற வேறுபாட்டையும் மறக்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

உயிருள்ள சிலந்தியை வகுப்புக்குப் பிடித்து வரச் சொல்ல வேண்டாம். நம் நாட்டு மரங்களில் வாழும் பொயிசிலோதீரியா என்னும் டாரண்டுலா இனங்கள் வளர்ப்புச் சந்தைக்காகப் பிடிக்கப்படுகின்றன. 2019 முதல் அவற்றின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆந்திராவின் கூட்டி ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் நீலச் சிலந்தியும் அவற்றில் ஒன்று. பெட்டிக்குள் பயணம் செய்யும் சிலந்திகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி வகுப்பில் எழுந்தால், அதற்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

எங்கள் வகுப்பில் எழுந்தது வேறு கேள்வி. “அப்போ வெட்டுக்கிளியும் இப்படித்தான் காலை நீட்டுதா சார்?” இல்லை, அதன் பின்னங்காலில் நீட்டும் தசை இருக்கிறது. ஆனால் இம்முறை உடனே பதில் சொல்லவில்லை. செத்துக் கிடக்கும் வெட்டுக்கிளியையும் சிலந்தியையும் எங்காவது பார்த்தால், கால்கள் எப்படி இருக்கின்றன என்று வரைந்து வரச் சொன்னேன். திங்கட்கிழமை பதினோரு படங்கள் வந்தன.